மாமனார் தோப்பில் நான் கேட்ட சீர்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஆனி மாதம். கல்யாணமான புதிதில் விருந்துக்காகச் சமயநல்லூரில் மாமனார் வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் இரண்டே வேலை. சாப்பிடுவது, முறுக்கிக்கொள்வது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டால், என்ன வேண்டும் என்று வீடே பதறும். ஒரு முறுக்குக்கு ஒரு சீர்; கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். முதல் வேலையை நான் குறைவில்லாமல் செய்தேன். இரண்டாவதற்கு என் முகவெட்டு தோதாக இல்லை. அதனால் வேறொரு முட்டாள்தனம் செய்தேன். மரம் ஏறினேன்.

காய்ப்பு முடிந்த மாந்தோப்பில் மாமனாரும் மச்சினனும் புல்லுருவி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மரத்துக்குள் வேரை இறக்கி அதன் சாற்றைக் குடித்தே கொழுக்கும் செடி அது. அந்த வீட்டில் என் நிலையும் ஏறக்குறைய அதுதான். ஒன்று விடாமல் வெட்ட வேண்டும் என்பது மாமனார் உத்தரவு. செல்லூர் நூல் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு மரம் ஏறத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே அரிவாளைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன்.

கிளை பிரியும் கவையில் உட்கார்ந்து கீழே பார்த்த பிறகுதான், இறங்குவது என்று தனியாக ஒரு வித்தை இருப்பது உறைத்தது. தலை சுற்றாமலிருக்க மேலே பார்த்தேன்.

கை எட்டும் தூரத்தில், கிளையைக் கட்டிப் பிடித்தபடி ஒரு செடி. இரு பக்கமும் வரிசையாகத் தடித்த இலைகள். நுனியை எலி கடித்த மாதிரி இருந்தன. வேர்கள் வெள்ளைக் கயிறு போலப் பட்டைமேல் ஓடின; சில அந்தரத்தில் தொங்கின. புல்லுருவிதான் என்று அரிவாளை ஓங்கினேன். குப்பென்று ஒரு மணம் வந்து கையைப் பிடித்தது.

இலை இடுக்கிலிருந்து நீண்ட காம்பில் ஏழெட்டுப் பூ. மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் பழுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் கட்டியிருந்தன. பாவும் ஊடும் பிசகாத நெசவு! இதழின் முதுகோ வெள்ளை. நடுவில் நாக்கை நீட்டினாற்போல் ஒரு சின்ன இதழ், ஊதா நிறம். அந்த ஊதாவை எந்தச் சாயப் பட்டறையும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. வைகையே மணலாய்க் கிடக்கிற ஆனியில், காலடியில் பிடி மண் இல்லாமல், வெறும் காற்றைக் குடித்துவிட்டு இப்படி ஒரு பூவா!

ஒரு வேரை நகத்தால் மெல்ல நெம்பினேன். அடியில் பட்டை சேதமில்லாமல் இருந்தது. இது மரத்தைத் தின்னவில்லை. ஒண்டிக் குடியிருக்கிறது, அவ்வளவுதான். மாமனார் வீட்டுச் சோற்றில் கை வைக்காத மாப்பிள்ளை!

அதற்குள் மச்சினன் தொரட்டியோடு அடிமரத்துக்கு வந்துவிட்டான்.

"மச்சான், ஒதுங்குங்க. அந்தா தொங்குது புல்லுருவி. ஒரே இழுப்புல விழுந்துரும்."

"தொடாத!"

"அப்ப நீங்க எறங்குங்க. நான் ஏறி வெட்டுறேன்."

"எறங்க மாட்டேன்!"

பாதி வீம்பு, பாதி நிஜம். அவன் தோப்பு அதிரக் கூவினான்: "அப்பா! மச்சான் மரத்து மேல ஏறி முறுக்கிக்கிட்டாக!"

மாமனார் துண்டை உதறியபடி ஓடி வந்தார். பின்னாலேயே மோர்ச் செம்போடு என் மனைவி.

"என்ன மாப்ள இது? சைக்கிள்தான? தீவாளிக்கு வாங்கணும்னுதான் நெனச்சிருந்தேன். எறங்கி வாங்க."

என் மனைவியின் முகம் மலர்ந்தது. விளாங்குடியிலிருந்து செல்லூருக்குத் தினமும் கால் தேய நடக்கிறவன் நான். எனக்கு நாக்கிலேயே எச்சில் ஊறியது. ஆனால் தொரட்டியின் கொக்கி அந்தக் காம்புக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"சைக்கிள் வேணாம் மாமா. இந்தச் செடிய என்னைக்கும் வெட்டக் கூடாது. எனக்கு அதுதான் சீரு."

"வெயிலு மண்டையில ஏறிருச்சு" என்றான் மச்சினன்.

"கேட்டாச்சு, குடுத்தாச்சு" என்றார் மாமனார். "எறங்குங்க."

"ஏணி இருக்கா மாமா?"

கெக்கெக்கே என்று மச்சினன் சிரித்த சிரிப்பில் காக்கைகள் கலைந்தன. ஏணி வந்தது. நான் காலை வைக்குமுன் மாமனார் ஏறிவிட்டார், அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க. பூவைப் பார்த்தார். மோந்தார். மறுபடி மோந்தார். ஏணியை அடைத்துக்கொண்டு அவர் நிற்க, நான் கவையிலேயே காத்திருந்தேன்.

"இம்புட்டு வருசமும் இதயா வெட்டிப் போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார், மெதுவாக.

இதற்கு மரவாழை என்று பேர் உண்டென்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். தோப்பில் அது மாப்பிள்ளை சீர். புல்லுருவி வெட்ட வரும் ஆட்களிடம் மாமனாரே முதலில் அந்த மரத்தைக் காட்டி எச்சரிப்பார்.

விருந்து முடிந்து நானும் மனைவியும் விளாங்குடிக்கு நடந்தே திரும்பினோம். பாதி வழியில் அவள் ஒரு புளியமர நிழலில் நின்று உள்ளங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"அம்புட்டு நேரம் மேல இருந்தீகளே, அந்தச் செடிக்குப் பெடல் இருக்கான்னு பாத்தீகளா?"