மருந்து என்று எழுதிய ஃப்ளாப்பி

அந்த ஃப்ளாப்பி கறுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேலே ஒட்டிய வெள்ளைத் தாளில் நீல மையால் ‘மருந்து’ என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்திருக்கும். அதன் மூலையில் சதுரமாக ஒரு சிறு ஓட்டை உண்டு. அந்த ஓட்டையின் கதவை நகர்த்தி மூடி, தவறியும் திறந்துகொள்ளாதபடி மேலே வயர்மேன்கள் சுற்றும் கறுப்பு டேப்பை அளவாக நறுக்கி ஒட்டியிருப்பார் மச்சான். எவர்சில்வர் டப்பாவில் வெள்ளைத்துணி விரித்து அதன்மேல்தான் அதை வைப்பார். வீட்டுக்குள் வந்ததும் முதலில் கை கழுவத் தண்ணீர் கேட்பார். ஈரம் போகத் துடைத்த பிறகே டப்பாவைத் திறப்பார். ஒழுங்கில் பிடிப்புள்ளவன் நான். அந்த ஒழுங்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். இவர் கைபட்ட எதுவும் கெடாது என்று நம்பினேன். நான் மட்டுமல்ல, அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் வாங்கியிருந்த எல்லா வீடுகளும் நம்பின.

மச்சான் என்று நான் சொல்வது அண்ணியின் உடன்பிறந்த அண்ணனை. தொண்ணூறுகளின் நடுவில், கணபதி என்ற பகுதியில் ஒரே வீட்டில் அண்ணன், அண்ணி, நான் என மூவரும் இருந்தோம். அண்ணனுக்கு மோட்டார் பட்டறை, எனக்கு அலுவலக வேலை. அண்ணி கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். பருத்திக் காய்ப்புழுவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். அதற்காகவே வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினோம். கூடத்தின் மூலையில், அண்ணியே தைத்த பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. செருப்பில்லாமல்தான் அதன் அருகே போவோம்.

மச்சான் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். அங்கே ஆரம்பத்திலிருந்தே அகலமான பெரிய ஃப்ளாப்பிகளில் வேலை பழகியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டை எடுத்துக்கொண்டு தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வீடு வீடாகப் போய் வைரஸ் எடுத்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். காபி குடிப்பார். ‘வைரஸ் டாக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டால் அவருக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து வரும். “ஊசி கீசி இல்லீங்க, வலிக்காது” என்று கம்ப்யூட்டரின் தலையைத் தட்டிவிட்டு ஆரம்பிப்பார்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முதலில் ஒன்றும் இல்லை. “சீக்கு வர்றதுக்கு முந்தியே ஒருக்கா பாத்துப்போடலாம் அம்மணி” என்று அவராகத்தான் தங்கையிடம் சொன்னார். ‘மருந்து’ ஃப்ளாப்பியைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கி, வைரஸ் எதுவும் இல்லை என்று திரையில் வந்ததைக் காட்டிவிட்டுப் போனார். அதே வாரத்தில் இன்னொருவரும் ஒரு ஃப்ளாப்பியோடு வந்தார். அண்ணியின் தோழி, அதே துறையில் ஆய்வு செய்தவர். பட்டுப்புழு வளர்ப்பு அவருடைய ஆய்வு என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பட்டுப்புழு அக்கா என்று பெயர். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து இருவரும் வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வார்கள். ஒரு வரைபடத்தைக் காட்ட வந்த அவர், “ஏண்டி, உன்ற புழு காயத் திங்குது, என்ற புழு சேலையக் குடுக்குது. யாரு ஒசத்தி?” என்று சொல்லிவிட்டு, அண்ணியின் தட்டிலிருந்த முறுக்கை எடுத்துக் கடித்தார். அது நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு எண்கள் மாற ஆரம்பித்தன. அட்டவணையின் கூட்டல் சரியாக வரவில்லையே என்று வழிகாட்டிப் பேராசிரியர் திருப்பி அனுப்பினார். வீட்டில் எடுத்துப் பார்த்தால், வயலில் எழுதிவந்த தாளில் ஓர் எண்ணும் திரையில் வேறோர் எண்ணும் இருந்தன. எல்லா இடத்திலும் அல்ல. ஒரு பக்கத்தில் ஒன்று, அடுத்த பக்கத்தில் எதுவும் இல்லை, அதற்கடுத்ததில் இரண்டு. கையால் தட்டும்போது நேர்ந்த பிழை என்றுதான் முதலில் நினைத்தோம். திருத்திவைத்த எண்ணே மறுபடி மாறியிருந்ததைப் பார்த்த மாலையில் அண்ணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். எழுதி முடித்த ஒன்று, யாரும் தொடாமல், உள்ளேயே தன்னை மாற்றிக்கொள்ளும் என்பது அதுவரை எங்கள் அனுபவத்தில் இல்லாதது. திருடன் புகுந்த வீட்டில்கூட எது போயிற்று என்று சொல்லிவிடலாம். இங்கே எது போயிற்று என்பதே தெரியவில்லை.

மச்சான் வந்தார், கை கழுவினார், டப்பாவைத் திறந்தார். உள்ளிருந்ததை எல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினார். அண்ணியின் ஃப்ளாப்பிகளையும் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். “போயிருச்சு கண்ணு” என்றார். திரையும் அப்படியே சொன்னது. சில நாள் கழித்து எண்கள் மறுபடி மாறின. மறுபடி வந்தார், மறுபடி சுத்தம் செய்தார். அது மறுபடியும் வந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணி எல்லா அட்டவணைகளையும் வயல் தாள்களோடு வரி வரியாக ஒப்பிட்டாக வேண்டும். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. மச்சானுக்கும் அவமானமாக இருந்தது. “வெளிய இருந்துதான் வருது. இங்க யாரு ஃப்ளாப்பி கொண்டாந்தது?” என்று கேட்டார். எல்லாருக்கும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு நடந்ததை அண்ணியே வீட்டில் வந்து சொன்னார், அன்றைக்குக் கொஞ்சம் வீரமாகவே. ஆசிரியர் அறையில் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கும் நேரத்தில் தோழியைப் பார்த்து, “உன்ற கை பட்டதெல்லாம் நாசம்டி. என்ற படிப்பக் கெடுத்துப்போட்ட. இனி அந்தக் கருமத்தத் தூக்கிக்கிட்டு எந்த ஊட்டுப் படியும் ஏறாத” என்றாராம். நான் மட்டும் படித்து முடித்துவிடக் கூடாது என்கிற பொறாமை உனக்கு என்றும் சொன்னாராம். பட்டுப்புழு அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனாராம். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எண்கள் மாறுவது மட்டும் நிற்கவில்லை.

புதிய வைரஸுக்குப் புதிய மருந்து வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை மச்சான் என்னையும் அழைத்துக்கொண்டு காந்திபுரத்துக்குப் போனார். ஒரு துணிக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை. கடைக்காரர் பருத்த மனிதர், வாய்க்கு ஓய்வு கொடுக்காதவர். “வாங்க டாக்டர், பேஷண்ட் பொழைச்சுதுங்களா?” என்று வரவேற்றார். மச்சான் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து, பழைய ஃப்ளாப்பியிலேயே புதிய மருந்தைப் பதிந்து தரச் சொன்னார். “இருங்க, மொதல்ல இதச் சித்தெ பாத்துப்போடறேன்” என்று அவர் தன் கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. “ஐயய்யோ, டாக்டருக்கே சீக்குங்கோ!” என்று கடையே அதிரச் சிரித்தார். பிறகு ஃப்ளாப்பியை வெளியே எடுத்து மூலையைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன்.

“ஏனுங்க, இந்த டேப்ப ஒட்டுனது யாருங்க?”

“நான்தானுங்க. எதுவும் உள்ள எழுதிக்கக் கூடாதுன்னு மூடி வெச்சிருக்கறனுங்க” என்றார் மச்சான்.

“பெரிய ஃப்ளாப்பிலதானுங்க ஓட்டைய மூடுனா பூட்டு. சின்னதுல தலைகீழு. ஓட்டை தொறந்து இருந்தாத்தான் பூட்டு. நீங்க மூடி வெச்சு வழிய உட்டுப்போட்டு, அந்த வழி அடைஞ்சுக்காம இருக்க டேப்பும் போட்டிருக்கீங்க.” குரலைத் தணித்துக்கொண்டு, “எந்த ஊட்டுலயோ வைரஸ் இதுல ஏறியிருக்குதுங்க. அதுக்குப் பொறவு நீங்க இத வெச்சு எந்த மிசினத் தொறந்தாலும் மொதல்ல அதுதானுங்க உள்ள போகும். போயி ஒளிஞ்சுக்கும். உங்க திரை, ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லும்” என்றார்.

கீழே டவுன் பஸ்களின் ஹாரன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மச்சான் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. கை கழுவிய மனிதர், துணி விரித்த மனிதர். எந்த வீட்டுக்கெல்லாம் போனார், யார் யார் கும்பிட்டு வழியனுப்பினார்கள் என்று அவர் மனத்தில் ஓடியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் என் பக்கம் திரும்பி அவர் கேட்டது வேறு.

“மாப்ளே, அந்தப் பட்டுப்புழுப் புள்ளைய உன்ற அண்ணி என்ன பேசுனா?”

சொன்னேன். மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் அண்ணி முதலில் நம்பவில்லை. “வெளையாடாதீங்கண்ணா” என்றார். “இல்ல அம்மணி. நான்தான். மொத நாளே நான்தான்” என்று அவர் சொன்னபோது, அண்ணி கையிலிருந்த வயல் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு மச்சான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் கோபம் வரவில்லை. அது எனக்கு ஆச்சரியம். முகத்தில் இருந்தது பயம். “நான் அவகிட்டப் போகோணும்” என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மச்சான் தான் போன வீடுகளுக்கெல்லாம் போய் வாசலில் நின்று சொன்னார். சிலர் நம்பவே இல்லை, நீங்க போய் அப்படிச் செய்வீங்களா என்று காபி கொடுத்தார்கள். ஒருவர் கேட்டைச் சாத்திக்கொண்டார். மதியத்துக்கு மேல் சரவணம்பட்டிக்குப் போனோம். மச்சான் மொபெட்டில், அண்ணி என் ஸ்கூட்டரின் பின்னால்.

பட்டுப்புழு அக்கா கதவைத் திறந்தார். “வாங்க, உள்ள வாங்க” என்றார். பாய் விரித்தார், தண்ணீர் கொண்டுவந்தார். மச்சான் தண்ணீரைத் தொடாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டையை எப்படி மூடினார் என்பதைக் கையால் காட்டிச் சொன்னார். கேட்கக் கேட்க அக்காவின் முகம் விநோதமாக மாறியது. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப என்ற ஃப்ளாப்பில ஒண்ணும் இல்லீங்களா?”

“ஒண்ணும் இல்ல சாமி. என்ற ஃப்ளாப்பிதான்.”

“நான் எல்லாத்தையும் எரிச்சுப்போட்டனுங்க.”

எங்களுக்கு உடனே விளங்கவில்லை. அவர் பின்வாசலைக் கை காட்டினார். அங்கே குளிக்க வெந்நீர் போடும் செப்புப் பாய்லர் நின்றது. ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த அன்று மாலையே, தன்னால் இன்னொருவர் படிப்பும் கெட்டுவிடக் கூடாது என்று, தன் ஃப்ளாப்பிகளை ஒன்று விடாமல் அதன் அடுப்பில் போட்டிருக்கிறார். அவரிடம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது. கல்லூரிக் கம்ப்யூட்டரில் அடித்து ஃப்ளாப்பியில் மட்டுமே வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே என்று கைப்படக் குறித்த தாள்களை முன்பே பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார். பல பருவங்கள் புழு வளர்த்து, எடை பார்த்து, கூடு எண்ணிச் சேர்த்த அத்தனையும் குளிக்கும் தண்ணீரைச் சுட வைத்திருந்தது.

அண்ணி இரண்டடி முன்னே போய் அவர் கையைப் பிடித்தார். “மன்னிச்சுக்கடி. எங்கண்ணன் தெரியாமச் செஞ்சுபோட்டாரு” என்றார். பட்டுப்புழு அக்கா கையை உதறவில்லை, மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

“அண்ணன் தெரியாமத்தான் செஞ்சாருங்க. நீங்க தெரிஞ்சுதானுங்களே பேசுனீங்க.”

சத்தம் இல்லாமல், கோபம் இல்லாமல் சொன்னார். அண்ணி நின்ற இடத்திலேயே நின்றார்.

அண்ணி ஆய்வேட்டைக் காலத்துக்குள் கொடுத்தார், பட்டமும் வந்தது. பட்டுப்புழு அக்கா முதல் முட்டையிலிருந்து மறுபடி தொடங்கினார். ஞாயிறுதோறும் மச்சான் மொபெட்டில் புழுக்களுக்கு மல்பெரித் தழைக் கட்டு கொண்டுபோய்ப் போட்டார். அந்த வீட்டில் அவருக்குச் சாப்பாடும் சிரிப்பும் இருந்தன. கூட வருகிறேன் என்று அண்ணி கேட்டபோதெல்லாம், “வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்றே அக்காவிடமிருந்து பதில் வந்தது. சில ஆண்டுகள் தாமதமாக அவரும் பட்டம் வாங்கினார். அதற்கான விருந்துக்கு அண்ணிக்கும் அழைப்பு வந்தது, மற்ற சக ஆசிரியர்களுக்கு வந்ததைப் போலவே.

இப்போது என் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது, எனக்குச் சொல்வதுகூட இல்லை. சென்ற ஆண்டு மச்சான் காலமானார். பட்டுப்புழு அக்கா தலையெல்லாம் நரைத்து, ஒருவர் கையைப் பிடித்தபடி வந்தார். உடலின் காலடியில் உட்கார்ந்து “அண்ணா, அண்ணா” என்று சொந்தத் தங்கையைப் போல அழுதார். எழுந்து போகும்போது அண்ணியின் முன் நின்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும், இத்தனை வயதுக்குப் பிறகும், ஒரு ‘ஏண்டி’ வந்துவிடாதா என்று காத்திருந்தேன்.

“ஏதாச்சும் சாப்டீங்களா?” என்று கேட்டார்.

“சாப்டேனுங்க” என்றார் அண்ணி. காலையிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.