நிலவறை ஜன்னல் கம்பிகள்

எண்பதுகளின் கடைசியில், ஊரைவிட்டு வந்து வால்தம்ஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து எங்களை எழுப்புவதற்காக வீட்டுக்காரர் கவுண்டி கோர்ட்டில் வழக்குப் போட்டார். அவரும் யாழ்ப்பாணத்து ஆள்தான். வழக்குப் போட்ட பிறகும் என்னைக் கண்டால் சிரித்துச் சுகம் விசாரிப்பார். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

என் கணவர் நம்பாதது கோர்ட் கட்டடத்தை. சிவப்புச் செங்கல், வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும், யாரும் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் ஜன்னல்கள். வழக்கு நாளன்று அதையெல்லாம் விட்டுவிட்டு, நடைபாதையோடு ஒட்டியிருந்த நிலவறை ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவற்றுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தது. ஊரில் விசாரணை என்று ஒரு கட்டடத்துக்குள் கூப்பிடப்பட்டு, மாதக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டிருந்த மனிதர் அவர்.

"உதுக்குள்ள ஆக்களை அடைக்கிறவங்கள். நான் வரேல்லை."

அவர் வராவிட்டால் வீடு போய்விடும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய், கறுப்பு அங்கி போட்ட ஊழியப் பெண்ணிடம் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. இங்கே வீடு, கடன் வழக்குகள்தான், யாரையும் அடைப்பதில்லை என்றாள். கட்டிய காலத்தில் அது நிலக்கரி அறையாம். கரி திருட்டுப் போகாமலிருக்கத்தான் கம்பியாம். அதையும் நான் முழுதாக நம்பவில்லை. அவள் வெளியே வந்து என் கணவரை நிலவறைக்குக் கூட்டிப்போய்க் கதவையே திறந்து காட்டினாள். கால் உடைந்த கதிரைகள், மேசைகள், தூசி. கதவை உள்ளிருந்தும் திறக்கலாமா என்று பார்த்த பிறகுதான் அவர் "ஓம்" என்றார்.

நாங்கள் மேலே வந்தபோது வீட்டுக்காரர் உள்ளே வராமல் வெளிப்படியில் நின்றார். வக்கீல் இல்லை, தனியாள். அவர் வராவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகும் என்றாள் ஊழியப் பெண். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"இஞ்சருங்கோ, பேசாமல் இருங்கோ" என்று கணவரின் கையைப் பிடித்தேன்.

வீட்டுக்காரரின் கண்ணும் அந்தக் கம்பிகளில்தான் இருந்தது. "தம்பி, உள்ளுக்குப் போனா வெளியில விடுவினமோ?"

கணவர் என் கையை விலக்கிவிட்டுப் படியிறங்கினார். "பயப்பிடாதேங்கோ அண்ணை. நான் பாத்திட்டன். கீழ உடைஞ்ச கதிரையள்தான் கிடக்கு. வாங்கோ."

நீதிபதி வீட்டுக்காரர் பக்கம் தீர்த்தார். வீட்டைக் காலிசெய்ய எங்களுக்குச் சில வாரத் தவணை. அன்றைக்கு வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் நான் வெடித்தேன். "அந்தாளை வெளியிலயே விட்டிருந்தா வீடு தப்பியிருக்கும். என்னத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

அவர் கோர்ட் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஊரில அந்த வாசலில நானும் உப்பிடித்தான் நிண்டனான். கூட வர ஒரு சனம் இல்லை."