நான்கு பேருக்கு ஓர் அறை: தாயில்பட்டியில் பார்த்தது

போன ஆடி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து விருதுநகருக்கு ரயில் ஏறினேன். எங்கள் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள். எல்லோருமாகச் சேர்ந்து சிவகாசியிலேயே மொத்தமாகப் பட்டாசு வாங்கினால் மலிவு என்று பேச்சு வந்ததும், ஓய்வு பெற்றவள், வீட்டில் சும்மா இருப்பவள் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் போக ஒரு காரணம் இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் சாத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆறு வருடம் பொருளாதாரம் நடத்தினேன். அப்போது என்னிடம் பிளஸ் டூ படித்த தனசேகர், இப்போது தாயில்பட்டிக்கு அருகே சிறிய பட்டாசு ஆலை ஒன்றை நடத்துகிறான். தன் ஆலையில் எல்லோருக்கும் ஒரே நாள் சம்பளம் கொடுத்துப் பார்ப்பதாகப் போனில் சொல்லியிருந்தான். வகுப்பில் ஒரு பத்தியாக நடத்திவிட்டுப் போன விஷயத்தை நேரில் பார்க்கலாமே என்று நினைத்தேன்.

திருச்சியில் காலை 6.40க்கு ஏறி 10.15க்கு விருதுநகரில் இறங்கினேன். நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். (நூறு கேட்பார்கள். நடந்தாலும் இருபது நிமிடம்தான், ஆனால் ஆடிக் காற்றில் கண்ணெல்லாம் புழுதி.) சிவகாசிக்கு 27 கிலோமீட்டர், ஐம்பது நிமிடப் பயணம், டிக்கெட் முப்பது ரூபாய். விருதுநகர் எண்ணெய் புரோட்டாவுக்காகவே வருகிறவர்கள் சாயங்காலமாக வந்து சேருங்கள். பகலில் பல கடைகளில் அடுப்பு மூட்டுவதில்லை. சிவகாசியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன், நாளுக்குத் தொள்ளாயிரம். அறை சுத்தம், தண்ணீர் உப்பு.

சனிக்கிழமை காலை 8.20க்குத் தாயில்பட்டி வழியாகப் போகும் டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். கையில் பெரிய பையைப் பார்த்துவிட்டு நடத்துநர், “பட்டாசு வாங்கவாம்மா? அங்கன செய்யத்தான் செய்வாக, விக்க மாட்டாக. விக்கிற ஊர விட்டுட்டுல்ல வந்துட்டீக” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. முக்கால் மணி நேரத்தில் ஆலைக்குப் போகும் மண்பாதையில் இறக்கிவிட்டார்கள்.

கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுவில் வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நல்ல இடைவெளி. ஓர் அறை வெடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக. ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பதும் அதற்காகத்தான். என்னை அறைகள் பக்கம் விடவில்லை, நானும் கேட்கவில்லை. போனை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தகரக் கூரை போட்ட ஆபீஸில் தனசேகர் எனக்கு மோர் கொடுத்தான். தலை நரைத்துவிட்டது. உட்காரச் சொன்னால்தான் உட்காருகிறான், அது மட்டும் மாறவில்லை.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இந்தப் பக்கம் சரவெடி பின்னும் பெண்களுக்குக் கூலி நாளுக்கு இல்லை, செய்த சரக்குக்கு. அதிலும் ஒவ்வொருத்திக்கும் தனியாக எண்ணுவதில்லை. ஓர் அறையில் நாலு பேரும் பின்னிய சரத்தை மொத்தமாக எண்ணி, வரும் கூலியை நாலாகப் பிரித்துக்கொள்வார்கள். ரூம் கணக்கு என்று பெயர். யார் யாரோடு உட்காருவது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள், கம்பெனி தலையிடாது. நாலு கையும் வேகமாக இருந்தால் நல்ல கூலி. ஒரு கை மெதுவாக இருந்தால் மற்ற மூன்றும் அதைச் சுமக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் தனசேகரின் ஆலையில் தீப்பிடித்தது. குழாய்களில் வெடிமருந்து செலுத்தும் அறையில் இருந்த கருப்பசாமி என்பவருக்கு இரண்டு கையும் வெந்துபோயின. அன்றன்று கலந்த மருந்தில் மீந்ததை மாலையில் அழித்துவிட வேண்டும் என்பது விதி. அவர் அழிக்கவில்லை. மறுநாள் காலையில் கலக்கும் நேரம் மிச்சமாகும், நாலு குழாய் கூடுதலாகச் செலுத்தினால் கூலியும் கூடும் என்று காகிதத்துக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார். இரவில் ஈரம் ஏறி, காலையில் கை வைத்ததும் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் தனசேகர் நாள் சம்பளம் என்று மாற்றினான். எல்லோருக்கும் ஐந்நூற்று ஐம்பது, நாலு மணிக்கு வேலை நிறுத்தம். ஒரு வீடு நடக்க எவ்வளவு வேண்டும் என்று போர்மேனோடு உட்கார்ந்து அரிசியிலிருந்து பஸ் வரை எழுதிப் பார்த்துத்தான் அந்தத் தொகைக்கு வந்ததாகச் சொன்னான். கேட்கப் பெருமையாக இருந்தது.

“ஆனா இன்னைக்கோட நாள் சம்பளத்த நிறுத்திரலாம்னு இருக்கேன் டீச்சர்” என்றான்.

வேகமான அறைகளில் இருப்பவர்கள் நாலு நாலு பேராகப் பக்கத்து ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே ரூம் கணக்கு, சீசனில் ஆளுக்கு எண்ணூறு வரை கிடைக்கும். இங்கே மெதுவான கைகள் மட்டும் மிஞ்சுகின்றன, ஆர்டர் முடியவில்லை. அவரவர் கை, அவரவர் கூலி, நான் யார் குறுக்கே நிற்க என்று கேட்டான். நான் விடாமல் வாதாடினேன். அவனும் விடவில்லை. “வேகமா எழுதுறவனுக்கும் மெதுவா எழுதுறவனுக்கும் ஒரே மார்க்கா போட்டீக?”

பழைய மாணவனிடம் தோற்க யாருக்குத்தான் மனம் வரும். பரீட்சையையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். மணி அடித்த பிறகும் விருப்பப்பட்டவர்கள் எழுதலாம் என்று நான் அறிவித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒருவன் எழுந்து போகாமல் இருந்தால் போதும், யாரும் எழுந்து போக மாட்டார்கள். மணி என்று ஒன்று இருப்பதால்தான் எல்லோரும் பேனாவை மூட முடிகிறது. வாழப் போதுமான கூலியைச் சட்டமாக்குவதும் அந்த மணி மாதிரிதான் என்றேன்.

அவன் மோர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தினான். “மணி பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டுச்சு டீச்சர். இங்கன நான் அடிச்சா என் கம்பெனிக்குள்ள மட்டுந்தான் கேக்கும்.”

பத்தரை மணி டீக்கு எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். தனசேகர் விஷயத்தைச் சொல்லி, நாள் சம்பளமே இருக்கட்டுமா, ரூம் கணக்குக்குப் போகலாமா, நீங்களே சொல்லுங்கள் என்றான். முதலில் பேசியவள் பேச்சியம்மாள். கை வெந்துபோன கருப்பசாமியின் மனைவி. ஆலையிலேயே வேகமான கை அவளுடையது என்று தனசேகர் முன்பே சொல்லியிருந்தான். அவளுடைய அறையில்தான் கருப்பசாமியின் அக்கா சண்முகத்தாயும் உட்காருகிறார். அவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்குவதில்லை, திரியைப் பிடித்து முறுக்க நேரமாகிறது. நாள் சம்பளம் வந்த பிறகு அது ஒரு பொருட்டாக இல்லை.

பேச்சியம்மாள் ரூம் கணக்கு வேண்டும் என்றாள். மகள் நர்சிங் படிக்கிறாள், வீட்டுக்காரர் இனி வேலைக்குப் போக முடியாது, ஐந்நூற்று ஐம்பதில் வயிறு நிறையும், பீஸ் கட்ட முடியாது என்றாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உன் வீட்டுக்காரருக்கு நடந்ததே அந்த வேகத்தால்தானே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“உங்களுக்கு சம்பளம் சட்டத்துல இருந்துச்சு டீச்சர். இப்ப பென்சனும் இருக்கு” என்றாள், கோபமே இல்லாமல். “எனக்கு இந்தக் கையிலதான் இருக்கு. இதையும் மெதுவாப் போ மெதுவாப் போன்னா எப்பிடி?”

கை தூக்கச் சொன்னான் தனசேகர். ரூம் கணக்குக்குப் பெரும்பாலான கைகள் உயர்ந்தன. சண்முகத்தாயும் தூக்கினார். டீத் தம்ளரைக் கழுவ வந்தபோது, உங்களுக்கு இதில் நட்டம்தானே, ஏன் தூக்கினீர்கள் என்று மெல்லக் கேட்டேன். “எங்க ரூம்ல மூணு கை ஏறிருச்சு. நாலாவது மட்டும் கீழ கெடந்தா நல்லாவா இருக்கும்?” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அறைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். முந்தின நாள் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று காட்டத்தான் கூப்பிட்டிருப்பாள். இரவு தங்கிவிட்டுக் காலையில் போங்கள் என்று சாயங்காலமே பாயை எடுத்துப் போட்டுவிட்டாள். கோழிக் குழம்பு வைத்திருந்தாள். கருப்பசாமிக்கு அவள்தான் ஊட்டினாள். அவர் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தானாகவே அந்தக் காலையைப் பற்றிச் சொன்னார். முதலாளி மேல் வருத்தம் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினார். “அவரு வைக்கச் சொல்லல. போர்மேனும் சொல்லல. நானா வச்சதுதான் டீச்சர்.” சண்முகத்தாய் பக்கத்து வீடுதான். வந்து எட்டிப் பார்த்து, “சாப்பிட்டீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மதினி, நாளைக்குக் கம்பெனி வேன் ஆறேகாலுக்கே வந்துரும் என்று பேச்சியம்மாள் உள்ளிருந்து சொன்னாள். அவர் சரி என்றார்.

திங்கள் காலை 6.10க்கு நான் பஸ்ஸுக்காக அவர்கள் ஊர் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். வேன் வந்தது. பேச்சியம்மாளும் அவள் அறையின் இன்னும் இரண்டு பேரும் ஏறினார்கள். நாலாவதாக ஏறியது, அந்தத் தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். பேச்சியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்தாள். அவள் யாரைத் தேடினாள் என்பது எனக்குத் தெரிந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டு எடுத்தார்.

பத்து நிமிடம் கழித்துச் சண்முகத்தாய் தூக்குச்சட்டியோடு வந்து என் பக்கத்தில் நின்றார். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் இடத்தில் வேலை கேட்டிருப்பதாகச் சொன்னார். கூலி எவ்வளவு என்றேன். அங்கே போய்த்தான் தெரியும் என்றார். பேச்சி வேண்டாமென்று சொன்னாளா என்று கேட்டேன்.

“அவ சொல்ல மாட்டா. யாரும் சொல்லல டீச்சர், நானாத்தான் நின்னுக்கிட்டேன். பிள்ளைக்குப் பீஸ் கட்டணும்ல.”

அவருடைய பஸ் முதலில் வந்தது.

சிவகாசிக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரு பழைய வகுப்பு ஞாபகத்துக்கு வந்து தொந்தரவு செய்தது. குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் உண்டு. வாழப் போதுமான ஊதியம் என்பதும் நம் அரசியலமைப்பில் உண்டு, ஆனால் வழிகாட்டு நெறிகள் என்ற பகுதியில். அதாவது அரசு முயல வேண்டும், நீங்கள் நீதிமன்றத்தில் போய்க் கேட்டு வாங்க முடியாது. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பரீட்சைக்கு அவ்வளவாக வராது என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். சம்பளத்தைச் சட்டம் நிர்ணயித்தால் சிறிய ஆலைகள் மூடிவிடும் என்று அன்று வாதத்தின் நடுவே தனசேகர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. சில மூடலாம். ஆனால் அந்த வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் சுதந்திரம் இருந்தது. முதலாளி கேட்டான், அவர்கள் முடிவு சொன்னார்கள். யாரும் யாரையும் மிரட்டவில்லை. அப்படியும் ஒருத்தியும் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆலைகளுக்குள் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். தெரிந்தவர் இருந்தாலும் ஆபீஸோடு நின்றுவிடுங்கள், போனை அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பட்டாசை ரயிலில் கொண்டுபோகக் கூடாது, சட்டப்படி குற்றம். கடைக்காரர்களே லாரியில் அனுப்புவார்கள். எனக்குத் திருச்சிக்கு ஆறு பெட்டிக்கு அறுநூறு ரூபாய் ஆனது, ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காரில் போனால் காலையில் வேன்களுக்கு ஒதுங்கி வழி விடுங்கள். சாப்பாட்டுக் கடைகள் அந்தச் சாலையில் குறைவு, தண்ணீர் எடுத்துப் போங்கள்.

கடைசியாக, விலை. திங்கள் பதினொரு மணிக்குச் சிவகாசியில் ஒரு மொத்தக் கடையில் இருபத்திரண்டு வீட்டுக்கும் வாங்கினேன். சரவெடி, புஸ்வாணம், தரைச்சக்கரம். விலைப்பட்டியலில் போட்டிருந்ததில் பாதிக்கும் கீழே கொடுத்தார்கள், எல்லோருக்கும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். பில் போடும்போது கடைக்காரர், டீச்சர் என்கிறீர்கள், இன்னும் ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்கிறேன் என்றார். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். ஊரார் பணம், குறைகிற வரை நல்லது என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.