ஓடைக்கரையில் டெக்சஸ் ஜெர்மன் ராக்

டெக்சஸில் பிரெடெரிக்ஸ்பர்க் பக்கம் குழந்தையோடு போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போகலாம். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் போய்வந்த கதையைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்போது டெக்சஸின் வடக்கே, பிளானோவில் இருந்தோம். என் கணவர் முருகேஷின் அலுவலக நண்பர் வால்டர். அவருடைய அண்ணன் எமில் முப்பது வருடங்களாக ஒரு ராக் குழுவில் பாடுகிறவர். அந்தக் காலத்தில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஜெர்மன், டெக்சஸ் மண்ணில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பேச்சில்தான் பாட்டெல்லாம். “ஜெர்மனியிலேர்ந்து வர்றவங்களுக்கே பாதி புரியாது” என்று வால்டர் சிரிப்பார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, எமிலின் கச்சேரி கேட்க வால்டரோடு கிளம்பினோம். சுமார் 270 மைல். நிறுத்தி நிறுத்திப் போனதில் ஆறு மணி நேரம் ஆனது. நுழைவுக் கட்டணம் ஐந்து டாலர், குழந்தைக்குக் கிடையாது. அரங்கம் என்பது மேட்டில் ஒரு தகரக் கூரைக் கொட்டகை. காரைக் கீழே, ஓடையை ஒட்டி நிறுத்தச் சொன்னார்கள். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

எமிலுக்கு அறுபது வயதிருக்கும். கரகரத்த, கனத்த குரல். மாடு விற்கப் போனவன் சந்தையில் பழைய காதலியைப் பார்த்த பாட்டு என்று வால்டர் காதில் சொன்னார். ஒரு வார்த்தை புரியாமலே எங்கள் நான்கு வயது நிலா ஆடிக்கொண்டிருந்தாள். தூறல் விழுந்தது.

“கார் விண்டோ திறந்திருக்கு, க்ளோஸ் பண்ணிட்டு வந்துடறேன்” என்று முருகேஷ் இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பாட்டு பாதியில் நின்றது. எமில் மைக்கில் ஜெர்மனில் ஏதோ சொன்னார். எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். எனக்கு மட்டும் புரியவில்லை.

“வால்டர், என்ன சொல்றார்?”

“ஓடை ஏறுது. மேல எங்கயோ பெருமழை.”

வாசலில் நின்று பார்த்தேன். கார் நிறுத்திய இடமே இல்லை. செம்மண் தண்ணீரில் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. முருகேஷைக் காணோம்.

“வேர் இஸ் அப்பா?” என்றாள் நிலா. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

வால்டர்தான் கை காட்டினார். தூரத்தில் ஓர் ஓக் மரக் கிளையில் நீலச் சட்டை தெரிந்தது. உயிர் வந்தது, உடனே போனது. அவர் எங்கள் பக்கம் பார்த்தபடி தண்ணீரில் ஒரு காலை இறக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் கத்தியது எதுவும் அந்த இரைச்சலைத் தாண்டவில்லை.

எமில் ஸ்பீக்கர் பெட்டிகளை வாசல் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு, மைக்கை என்னிடம் நீட்டினார். “நீங்க பேசுங்க. உங்க மொழியிலேயே பேசுங்க.”

“என்னங்க, இறங்காதீங்க. நானும் பாப்பாவும் மேட்டுல பத்திரமா இருக்கோம். மரத்தக் கெட்டியா புடிச்சுக்கங்க.”

காலை மேலே இழுத்துக்கொண்டார்.

சாலை மூழ்கிவிட்டதால் மீட்புப் படையினர் வரத் தாமதமாகும் என்றார்கள். “சத்தம் நின்னா அவர் பயந்துடுவார்” என்று எமில் மறுபடி பாடத் தொடங்கினார். யாரும் ஆடவில்லை. வெள்ளத்தில் வந்த கட்டைகள் மரத்தில் மோதும்போதெல்லாம் கிளை குலுங்கியது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நான் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் வால்டரும் டிரம்ஸ் வாசிப்பவரும் இடுப்பில் கயிறு கட்டி, டிராக்டரில் போய் அவரைக் கூட்டிவந்தார்கள். கிளையைப் பிடித்திருந்த விரல்களை அவரால் நீட்ட முடியவில்லை.

“உன் குரல் கேக்கலைன்னா நீந்திடலாம்னு குதிச்சிருப்பேன்” என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் நிற்கும் இடத்தில் பெருமழை பெய்ய வேண்டும் என்பதில்லை. மேலே எங்கேயோ பெய்தாலும் ஓடை வந்துவிடும். யார் என்ன சொன்னாலும் வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். தண்ணீர் ஓடும் சாலையில் இறங்காதீர்கள். கார் போனால் போகட்டும், எங்களுடையது போனது.

ஆனால் போங்கள். அடுத்த வருடம் நாங்களும் போனோம். முதல் பாட்டு தொடங்கியதும் என் கையைப் பிடித்த முருகேஷ், கடைசிப் பாட்டு முடியும்வரை விடவில்லை.