கெமிஸ்ட்ரி படித்தவன் சொன்னது

செல்போனில் எங்கள் சொந்தக்காரர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. காலையில் கண் விழித்தால் அதில் சாப்பாட்டுச் சண்டைதான். சென்னையில் இருக்கும் தம்பி மகன் அரிசியே விஷம் என்பான். பெங்களூரில் இருக்கும் மருமகள் தேங்காய் எண்ணெயைக் குடிக்கச் சொல்வாள். போலீசில் இருக்கும் சித்தப்பா மகன், தினமும் ஆறு முட்டை தின்னாதவன் மனுஷனே இல்லை என்று அடித்துப் பேசுவான். ஒருத்தரும் டாக்டர் இல்லை. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வரும். இதே கூட்டத்தை நான் குற்றாலத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் விடிந்ததும் தென்காசிக் கோயில் மொட்டைக் கோபுரத்துக்கு முன்னால் சைக்கிளோடு கூடிவிடுவார்கள். மேலகரம் வழியாகக் குற்றாலம் போய் பேரருவியில் ஒரு குளியல். அப்புறம் அருவிக்கரை டீக்கடையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்து பேச்சு. அப்பா பத்திரம் எழுதுகிறவர். கூட வருபவர்களில் ஒருவர் பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்த அண்ணாச்சி. இன்னொருவர் ஓய்வு பெற்ற டிரில் வாத்தியார். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நானும் இரண்டு சீசன் அவர்களோடு போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வெட்டியாக இருந்தது அப்போதுதான்.

அதில் இரண்டாவது வருஷம் அப்பாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் ஒரு மாத்திரை, போட்ட கையோடு இட்லி, இன்னின்னது கூடாது என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அப்பா டீக்கடை பெஞ்சில் விரித்து வைத்தார். பெஞ்சு அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டது. கமிஷன் கடை அண்ணாச்சி பாகற்காய்ச் சாறு ஒன்றே போதும் என்று கால் மூட்டைக் காயை வீட்டுக்கே அனுப்பினார். டிரில் வாத்தியார் தோப்புக்கரணத்தைச் சொன்னார். அருவித் தண்ணீர் தலையில் விழுந்த நாளில் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. அந்த ஒற்றுமையை நம்பி அப்பா இரண்டு நாள் குளித்த கையோடு அல்வா தின்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். கடையில் கிடந்த பழைய பேப்பரின் ஓரத்தில் ஓர் அறுகோணம் வரைந்து, இதுதான் சர்க்கரை என்றேன். இட்லியில் இருக்கிற மாவு வயிற்றுக்குள் போய் இதுவாகத்தான் உடைகிறது, அதனால் காலை இட்லியை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டால் இரட்டை லாபம் என்று விளக்கினேன். பெஞ்சு அடங்கிவிட்டது. கமிஷன் கடை அண்ணாச்சிகூட, "படிச்ச புள்ள சொல்லுதான், கேளும் வே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா அந்த ஓரத்தை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டி, மகன் போட்ட படம் என்பார். அம்மா அவித்து வைத்த இட்லி காலையில் தொடப்படாமலே இருந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, குளித்துவிட்டு வந்த அப்பா பெஞ்சில் உட்காரும்போதே தள்ளாடினார். அந்தச் சாரலிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, கேட்டதற்கு ஏதோ சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். குளிர் தாக்கிவிட்டது என்றார் டிரில் வாத்தியார். பித்தம் என்றார் அண்ணாச்சி. டீக்கடைக்காரர் இத்தனை நாளில் எங்கள் பேச்சில் ஒரு தடவைகூடக் கலந்துகொண்டதில்லை. அவர் ஒரு தம்ளரில் சீனியைக் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் வாயருகே நீட்டினார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சீனியா என்று கேட்டேன். அப்பாவுக்கு அதற்குள் பாதி நினைவுதான். ஆனாலும் என் குரல் அவருக்குக் கேட்டிருக்கிறது. பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார்.

"தம்பி, கைய எடுங்க. எங்க அக்கா இப்படித்தான் போனா" என்றார் டீக்கடைக்காரர். சத்தமே போடவில்லை. நான் கையை எடுத்தேன். அவர் அப்பாவின் தாடையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தண்ணீரைப் புகட்டினார். கொஞ்ச நேரத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, என் துண்டு எங்கே என்று கேட்டார். நான் கடைக்குப் பின்னால் போய் அழுதேன்.

அன்றைக்கே வாடகைக் காரில் டாக்டரிடம் கூட்டிப் போனோம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து, சைக்கிளும் மிதித்தால் சர்க்கரை அடியோடு இறங்கி உயிர் போய்விடாதா என்று அவர் கத்தினார். சாப்பிட வேண்டாமென்று எந்தப் புத்திசாலி சொன்னான் என்று கேட்டார். அப்பா சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் விட்டேன்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசவில்லை. வீட்டிலும் அப்பா அப்படியே சொன்னார். அடுத்த வாரம் அதே பெஞ்சில், இட்லியைத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்து, "எம்மவன் கெமிஸ்ட்ரில்லா" என்று யாரோ ஒரு வெளியூர்க்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் பல சீசன் குளித்தார். ஒரு நாளும் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் குழுவில் அவ்வப்போது என்னைப் பஞ்சாயத்துக்கு இழுப்பார்கள். போன வாரம் தம்பிக்குச் சர்க்கரை என்று தெரியவந்தது. அவன் மகன் காலைச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லி நீளமாக எழுதிவிட்டு, பெரியப்பாவைக் கேளுங்கள், அவர் கெமிஸ்ட்ரி என்று முடித்திருந்தான். அப்பாவை ஒரு தடவை பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தவன் நான், எனக்கு ஒன்றும் தெரியாது, டாக்டர் சொன்னபடி சாப்பிடச் சொல் என்று எழுதினேன்.

நாற்பது வருஷம் கழித்துச் சொல்லியிருக்கிறேன். கேட்டிருக்க வேண்டிய டாக்டரும் இல்லை, அப்பாவும் இல்லை.