வயது கேட்கும் அத்தை

பெண்களிடம் வயதைக் கேட்கக் கூடாது என்று நாகரிகம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். என் அத்தைக்கு அந்த நாகரிகம் கிடையாது. சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பெண்கள் தட்டை நீட்டினால், இட்லி விழுவதற்கு முன்னால் கேள்வி விழும்.

“வயசு இன்னாம்மா உனுக்கு?”

பத்தொன்பது, இருபது என்று பதில் வரும். பதிலுக்கும் முகத்துக்கும் பொருத்தம் இருந்தால் அத்தை சட்னி ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்குப் போவாள். இல்லையென்றால் விசாரணை தொடங்கும். அக்காவின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அக்காவின் பெயரைச் சொல்லி, பள்ளிக்கூடத்துப் பெண் ஷிப்டுக்குப் போவது எங்கள் பக்கத்தில் அப்போது பெரிய அதிசயம் இல்லை. அப்படி ஒருத்தி சிக்கினால் அத்தை கடையை மூடிவிட்டு அவள் வீட்டு வாசலில் போய் நிற்பாள். பேசிப் பார்ப்பாள், சண்டை போட்டுப் பார்ப்பாள். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டுவிடுவாள். ஆட்கள் வந்து பெண்ணைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள்.

இதனால் அத்தைக்கு ஊரில் என்ன பெயர் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சொந்த அண்ணனான என் அப்பாவே, “ஊர் வம்ப இழுத்துக்கினு வர்றதுதான் இவளுக்கு வேல” என்று தலையில் அடித்துக்கொள்வார். நான் அப்போது நாலாம் வகுப்பு. எல்லோரிடமும் கேட்கிறாளே என்று ஒருநாள் நானும் கேட்டேன்.

“உனுக்கு இன்னா வயசு அத்தை?”

“போடி, இட்லி ஆறிப்போவுது” என்றாள். அத்தைக்கு வயதைச் சொல்ல வெட்கம் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் அத்தைக்கு விருது அறிவித்தார்கள். குழந்தைகளின் நலனுக்காகக் குரல் கொடுப்பவர்களைத் தேடிப்பிடித்து விருது கொடுக்கும் சங்கம் ஒன்று இருந்தது. தண்டலத்தில் ஒரு கல்லூரி அரங்கில் விழா. செய்தி வந்த அன்றே அப்பா கட்சி மாறிவிட்டார். டீக்கடையில் போய் உட்கார்ந்து, “எந்தங்கச்சி சின்ன வயசுலருந்தே அப்படித்தான், தப்புன்னா வுடமாட்டா” என்று பேசினாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, ஒரகடத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். அன்றைக்கு அவர் தடத்துக்கு வேறு வண்டியைப் போட்டுவிட்டு, அவருடைய பஸ்ஸை விழாவுக்குப் போக டிராவல்ஸ் முதலாளி இலவசமாகவே கொடுத்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் பட்டும் பூவுமாக ஏறினோம். மேடையும் விழாவும் வேறு யாருடையதோ என்றாலும், சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டும் இல்லாமல் ஒரு விசேஷத்துக்குப் போவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. அம்மா இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

மாமா எத்தனையோ வருஷமாக ஒரே தடத்தில் ஓட்டியவர். சுங்குவார்சத்திரம் நிறுத்தம் வந்ததும் அவர் கால் தானாக பிரேக்கை மிதித்தது, கை தானாகக் கதவைத் திறந்தது. அங்கே மதிய ஷிப்டுக்கு நின்றவர்களும் அதே பஸ்ஸைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். அவர்களும் தானாக ஏறினார்கள்.

அப்பா நெகிழ்ந்துபோனார். “பாத்தியா, கம்பெனி ஆளுங்களே யூனிபார்மோட வராங்க நம்ப விழாவுக்கு” என்று எழுந்து நின்று கும்பிட்டார். அம்மா ஒவ்வொருவருக்கும் கல்கண்டு கொடுத்தாள். கம்பெனியில் ஏதோ பூஜை என்று நினைத்தார்களோ என்னவோ, வாங்கி வாயில் போட்டுக்கொண்டு பின்சீட்டுகளுக்குப் போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்களின் தூக்கம் தனி ரகம். வண்டி கிளம்புவதற்குள் வந்துவிடும், கேட் வந்தால்தான் போகும்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரகடத்துக்குத் திரும்பாமல் பஸ் நேராகப் போனது. தூக்கத்திலும் ஒருவருக்கு உடம்பு அதை உணர்ந்திருக்க வேண்டும். துள்ளி எழுந்தார்.

“அண்ணே, இன்னாண்ணே ரூட்ட வுட்டுட்டு எங்க போறீங்க? ஷிப்டு டைம் ஆவுதுண்ணே!”

பின்சீட்டு முழுக்க விழித்துக்கொண்டது. அப்பாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். மாமா பஸ்ஸை ஓரம்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“திருப்புய்யா வண்டிய” என்றாள் அத்தை. “இவங்களுக்கெல்லாம் அர நாள் போயிடும்.”

“விருது போயிடும்மா!” என்றார் அப்பா.

“விருதுக்கு ஷிப்டு இல்ல. இருக்கும்.”

பஸ் திரும்பியது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக வந்தார். அத்தை பின்பக்கம் போய் ஒவ்வொருவரிடமும் தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசி சீட்டில் நின்றுவிட்டாள். ஜன்னலோரம் ஒரு பெண். யூனிபார்மின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். அட்டையில் இருக்கும் படம் தெரியாதபடி அது திரும்பிக் கிடந்தது. முன்சீட்டில் மண்டியிட்டுப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது.

“வயசு இன்னாம்மா உனுக்கு?”

“இருவத்தொண்ணு” என்றாள், மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிறவள் மாதிரி.

அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அட்டை அக்காவுடையது. அக்காவுக்கு டைபாய்டு. படுத்த படுக்கை. வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்று கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். “இல்லாட்டி உன் தங்கச்சிய அனுப்பு” என்று வழி சொன்னதும் அவர்தானாம். அவள் பத்தாம் வகுப்பு. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

“போன் பண்ணிடாதீங்க ஆண்ட்டி. எங்கக்கா வேல போயிடும்” என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வயது கேட்கும் இட்லிக்கடை ஆண்ட்டியை அவளுக்கும் தெரிந்திருந்தது.

அத்தை அவள் காதருகில் குனிந்து ஏதோ சொன்னாள். நீளமாக ஒன்றுமில்லை, சின்னதாகத்தான். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு அத்தையின் முகத்தையே பார்த்தாள். அப்புறம் அத்தையின் புதுப் பட்டுப்புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள். “பட்டு, கறை புடிச்சுக்கும்” என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் எழுந்து போய்த் தடுக்கவில்லை.

அத்தை போனை எடுத்தாள். அந்த சூப்பர்வைசர் தினமும் அவள் கடையில் சாப்பிடுகிறவர்.

“சார், நான் இட்லிக்கட பேசறேன். விருது வாங்கப் போயிக்கினு கீறேன். மேடையில மைக்கு குடுப்பாங்களாம், கலெக்டர் ஆபீஸ் ஆளுங்கல்லாம் வராங்களாம். சின்னப் பொண்ண அக்கா கார்டுல அனுப்பச் சொன்னது யாருன்னு நான் மைக்குல சொல்லட்டுமா, இல்ல அக்காளுக்கு ஒடம்பு தேர்ற வரிக்கும் லீவு குடுக்கறியா?”

மறுமுனையில் என்ன சொன்னாரோ, அத்தை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். “நல்லதுப்பா. நாளிக்கு வா, வட போடறேன்” என்று வைத்தாள்.

விருதைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே அதைக் காட்டி மிரட்டியவள் என் அத்தை ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த வயதிலேயே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது எழுதும்போதும் நிமிர்கிறது.

ஒரகடத்தில் கேட் முன்னால் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். அந்தப் பெண் மட்டும் இறங்கவில்லை. அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எங்களோடு தண்டலத்துக்கு வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தலைமை விருந்தினர் கிளம்பிவிட்டிருந்தார். போட்டோக்காரரும் கிளம்பிவிட்டிருந்தார். பாதி நாற்காலிகள் காலி. சங்கத் தலைவர் மட்டும் பொறுமையாகக் காத்திருந்து, அத்தையை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, கேடயத்தைக் கொடுத்தார். கண்ணீர்க் கறை தெரியாமல் பொன்னாடை மூடிக்கொண்டதில் அம்மாவுக்கு நிம்மதி. கைதட்டியதெல்லாம் எங்கள் பஸ்தான். அப்பா தட்டிய தட்டலில் முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்துவிட்டார்.

மைக்கைக் கொடுத்தார்கள். அத்தை சூப்பர்வைசர் பெயரைச் சொல்லவில்லை. வாக்கைக் காப்பாற்றினாள். அக்கா உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய பிறகு, உதவி எண்ணுக்குப் போன் போட்டு அவர் பெயரைச் சொன்னாள் என்பது வேறு விஷயம். மைக்கில் சொல்ல மாட்டேன் என்பதுதானே பேச்சு.

தலைவர் கலகலப்பான மனிதர். “ஊரில் எல்லோருடைய வயதையும் கேட்பவர் நம் அம்மா. இன்று நான் கேட்கிறேன். அம்மா, உங்கள் வயது என்ன?” என்றார்.

அத்தை ஒரு நிமிஷம் கேடயத்தைப் பார்த்தாள்.

“எந்த வயசு சார்?” என்றாள்.

அரங்கம் சிரித்தது. தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். இருந்ததிலேயே பெரிய சத்தம் என்னுடையதுதான்.

பஸ்ஸில் அத்தை காதோடு சொன்னது என்ன என்பதை ரொம்ப வருஷம் கழித்து அந்தப் பெண்ணே எனக்குச் சொன்னாள். அவள் பரீட்சை எழுதி, மேலே படித்து, தன் சொந்தப் பெயர் போட்ட அட்டையோடு வேலைக்குச் சேர்ந்த சமயம் அது. இனிப்புப் பெட்டியோடு அத்தையைப் பார்க்க வந்திருந்தாள். “நானும் எங்கக்கா பேர்லதான்டி போனேன், பதிமூணு வயசுல. திரும்பி வரவே முடியல” என்றாளாம் அத்தை. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனி. பெரிய அத்தையின் பெயரில், பெரிய அத்தையின் வயதில். பிற்பாடு ரேஷன் கார்டு வரைக்கும் அந்த வயதே ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் அதை யாரும் பேசியதில்லை. அனுப்பி வைத்தவர்கள் எப்படிப் பேசுவார்கள்?

அன்று அரங்கில் சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. கைதட்டுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தி என் பக்கத்து நாற்காலியில் இருந்த அந்தப் பெண். விழாவில் கொடுத்த எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்திருந்தாள். பாவம், இவளுக்குத் தமாஷ் புரியவில்லை போலிருக்கிறது என்று எனக்கு இரக்கமாக இருந்தது. அவள் பக்கம் சாய்ந்து, எங்கள் அத்தைக்கு வயசு சொல்ல வெட்கம், அதனால்தான் அப்படிச் சொல்கிறாள் என்று விளக்கினேன். சரி என்று தலையாட்டினாள்.