மார்க்கர்கள் ஆடிய பந்தயம்

1. சம்பளத்துக்கு ஆடுகிறவன்

திண்டுக்கல்லில் ஒரு கிளப்பில் இருபத்திரண்டு வருஷம் பில்லியர்ட்ஸ் மார்க்கராக வேலை பார்த்தேன். மார்க்கர் என்றால் ஸ்கோர் சொல்பவன். ஆனால் வேலை அதோடு முடியாது. மேஜைத் துணிக்கு பிரஷ் போட்டு இஸ்திரி போட வேண்டும். பந்தை அடிக்கும் கோலான க்யூவுக்கு நுனியில் தோல் டிப் ஒட்ட வேண்டும். ஜோடி கிடைக்காமல் வரும் மெம்பரோடு ஆட வேண்டும். புதிதாக வருகிறவருக்கு ஆட்டம் சொல்லித்தர வேண்டும். தினமும் ஆறேழு மணி நேரம் க்யூ கையில் இருப்பதால், எந்த கிளப்பிலும் மெம்பர்களைவிட மார்க்கர்தான் நன்றாக ஆடுவான். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் கிளப்பில் ஒரு பெரிய பந்தயம் நடந்தது. மதுரை, திருச்சியிலிருந்தெல்லாம் மெம்பர்கள் ஆட வந்தார்கள். எங்கள் செக்ரட்டரி ஒரு வக்கீல். என் ஆட்டத்தின் மேல் அவருக்குப் பிரியம் உண்டு. ஆடுகிறவர்கள் லிஸ்டில் கடைசிப் பெயராக என் பெயரையும் எழுதிவிட்டார். பந்தயம் நடத்த வந்த வெளியூர்க்காரர் அதைப் பார்த்ததும் பேனாவை எடுத்து என் பெயரை அடித்துவிட்டார்.

"இவன் சம்பளத்துக்கு ஆடுறவன் சார். புரொஃபஷனல். அமெச்சூர் பந்தயத்துல இவனைச் சேர்க்க முடியாது."

"அப்ப புரொஃபஷனலுக்குப் பந்தயம் எங்க நடக்குது?" என்றார் வக்கீல் சார்.

"இங்கிலாந்துல நடக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு இரண்டு நாள் சுவரோரம் நின்று மற்றவர்களின் ஆட்டத்துக்கு ஸ்கோர் சொன்னேன். ஃபைனலில் ஜெயித்தவருக்கு நான்தான் ஒரு காலத்தில் க்யூ பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இங்கிலாந்துல மட்டும் மார்க்கருங்க எப்படி ஆடுறாங்களாம்?"

"அவுங்களுக்குச் சங்கம் இருக்காம். அவுங்களே பந்தயம் வச்சுக்கிறாங்களாம்."

"அப்ப நீங்களும் ஒண்ணு ஆரம்பிக்க வேண்டியதுதான?" என்றாள், கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்வதுபோல.

2. ஜங்ஷனில் கூடிய கூட்டம்

எங்கள் ஊர் பேகம்பூரைச் சேர்ந்த காதர் பாய் மதுரையில் ஒரு கிளப்பில் மார்க்கர். கிளப் விடுமுறையான திங்கள்கிழமைகளில் ஊருக்கு வருவார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கட்டு போஸ்ட் கார்டு வாங்கி எழுதத் தொடங்கினார். யாருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது. 'பில்லியர்ட்ஸ் மார்க்கர்' என்று போட்டு, கீழே ஊரின் பெயரும் கிளப்பின் பெயரும். அவ்வளவுதான் விலாசம். தபால்காரர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

எல்லாப் பக்கமிருந்தும் ரயில் வரும் ஊர் எங்களுடையது. அதனால் ஜங்ஷன் பிளாட்ஃபாரத்திலேயே கூட்டம் வைத்தோம். ஆறு பேர் வந்தார்கள். ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததில்லை. இடது கைக் கட்டைவிரலில், க்யூ நுனியில் தேய்க்கும் சாக்குக்கட்டியின் நீலம் படிந்தவர்களாகப் பார்த்து காதர் பாய் ஒவ்வொருவராக அழைத்து வந்தார்.

டீ குடித்தோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ரங்கசாமி மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க, சங்கம்னா ஒரு கோரிக்கை வேணுமுங்களே. நம்ம கோரிக்கை என்னங்க?"

"ஆடணும். அம்புட்டுத்தான்" என்றார் காதர் பாய்.

அதையே முதல் தீர்மானமாக எழுதிக்கொண்டோம்.

மேஜை வேண்டுமே. வக்கீல் சாரிடம் கேட்டேன். அவர் கமிட்டியில் வாதாடி, ஒரு திங்களும் செவ்வாயும் எங்களுக்கு வாங்கித் தந்தார். ஒரு நிபந்தனை போட்டார்கள். மேஜைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் பந்தயத்தோடு என் வேலையும் போய்விடும்.

3. கிழிந்த துணி

பந்தயத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை. பருத்தி வியாபாரம் செய்யும் ஒரு மெம்பர், க்யூவைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து வித்தை காட்டப் பார்த்தார். பந்து நகரவில்லை. துணி கிழிந்தது. நடுப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், ஒன்றின் குறுக்கே ஒன்றாக, இரண்டு அங்குல நீளத்தில் இரண்டு கிழிசல். துணிக்கு அடியிலிருந்த மேஜைக் கல் பளிச்சென்று தெரிந்தது.

"பழைய துணி போலிருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

வக்கீல் சார் வந்து பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் திரும்பினார். "சவரி, யாரு கிழிச்சான்னு கமிட்டில கேக்க மாட்டாங்க. எப்பக் கிழிஞ்சுதுன்னுதான் கேப்பாங்க. பழி உங்க பந்தயத்து மேலதான் விழும்."

புதுத் துணி மெட்ராஸிலிருந்து வர ஒரு மாதமாகும். ஆட வருகிறவர்கள் பாதிப் பேர் ஏற்கெனவே ரயிலில் இருந்தார்கள். ஏற்பாட்டுக்காக ஒரு நாள் முன்னாடியே வந்திருந்த காதர் பாய் குனிந்து, கிழிசலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"சவரி, ஜமீலாவக் கூட்டிட்டு வாரேன்."

ஜமீலா அவர் மனைவி. கோட்டு, சால்வை கிழிந்தால் இழை ஓட்டி ரஃபு போட்டுக்கொடுப்பார். டவுன் தையல் கடைகளிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். ஆனால் பில்லியர்ட்ஸ் ரூமுக்குள் பெண்கள் வரக்கூடாது என்று போர்டே தொங்கியது. வக்கீல் சார் அந்த போர்டை ஒரு முறை நிதானமாகப் படித்தார். "லேடி கெஸ்ட் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. இந்தம்மா கெஸ்ட் இல்ல. வேலை பாக்க வந்திருக்கு" என்று அவரே கதவைத் திறந்துவிட்டார்.

ஜமீலா துணியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, இதே துணில ஒரு துண்டு கெடைக்குமா?" என்பதுதான். மேஜைக்கு அடியில் மடித்து ஆணி அடித்திருந்த ஓரத்தில் ஒரு நாடா அகலத்துக்கு வெட்டிக்கொடுத்தேன். இழுவை குறைய வேண்டுமென்று ஒரு பக்கத்து ஆணிகளைத் தளர்த்தினேன். கீழே நின்றால் கை எட்டவில்லை. அதனால் மேஜை மேல் ஒரு பெட்ஷீட்டை விரித்து அவரை ஏறி உட்காரச் சொன்னேன். மெம்பர்கள் டம்ளர்கூட வைக்கக்கூடாத மேஜை அது. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தத் துண்டிலிருந்து ஒவ்வொரு இழையாக உருவி, கிழிசலில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டத் தொடங்கினார். மூன்று மணி நேரம் தலையை நிமிர்த்தவில்லை.

ஆணிகளை மறுபடி இறுக்கி, பிரஷ் போட்டு, இஸ்திரி போட்டேன். சிவப்புப் பந்தை மெதுவாக உருட்டினேன். அந்த இடம் வந்ததும் லேசாக வலப் பக்கம் விலகியது. ஜமீலா உதட்டைக் கடித்தபடி மறுபடி ஏறி, இரண்டு இழையை எடுத்துவிட்டு வேறு இரண்டு போட்டார். மறுபடி இஸ்திரி. இந்த முறை பந்து நூல் பிடித்ததுபோல நேராகப் போய் எதிர்ப் பக்கக் குஷனைத் தொட்டது.

"இன்னொருக்கா உருட்டுங்கண்ணே" என்றார். சந்தேகத்தில் அல்ல, சந்தோஷத்தில். பத்து தடவையாவது உருட்டியிருப்போம்.

4. வக்கீல் சார் சொன்ன ஸ்கோர்

எட்டுப் பேர் ஆடினோம். எல்லாரும் மார்க்கர்கள். யார் ஸ்கோர் சொல்வது என்ற கேள்வி வந்தபோது வக்கீல் சார் கோட்டைக் கழற்றி மாட்டினார். "இன்னைக்கு நான்தான்ப்பா மார்க்கர்."

அடித்த பந்து மற்ற இரண்டு பந்தையும் தொட்டால் கேனன், அதற்கு இரண்டு பாயிண்ட். அவர் மூன்று என்று அறிவித்தார். எட்டுத் தொண்டைகள் ஒரே நேரத்தில் திருத்தின. "சாரிங்க" என்று அவர் எங்களிடம் சொன்னதும் அறையே சிரித்துக் குலுங்கியது. மாலைக்குள் கால் கடுத்துப்போய் ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். அதில் உட்கார்ந்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த ஸ்டூல் பிறகு அந்த அறையைவிட்டு வெளியே போகவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அதில் நான்தான் உட்கார்ந்தேன்.

பருத்தி வியாபாரியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நடுப் பாக்கெட் ஓரமாகக் குனிந்து குனிந்து தேடினார். கடைசியில் என் காதருகே வந்து, "ஏப்பா, அந்தக் கிழிசல் எங்கப்பா?" என்றார். "எந்தக் கிழிசல் சார்?" என்றேன்.

ஃபைனல் எனக்கும் ரங்கசாமிக்கும். முந்நூறு பாயிண்ட் ஆட்டம். நான் 288, அவர் 241. இன்னும் நாலைந்து ஷாட்டில் முடித்துவிடுவேன் என்று நினைத்தபோது, என் பந்து இன்னொரு பந்தில் பட்டு பாக்கெட்டில் விழ வேண்டிய ஒரு இன்-ஆஃப் தவறியது. ரங்கசாமி எழுந்தார்.

மெம்பரோடு ஆடும்போது நாங்கள் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் ஆடுவோம். அவர் முகம் வாடாத அளவுக்கு ஜெயிக்க வேண்டும், அல்லது சந்தேகம் வராத அளவுக்குத் தோற்க வேண்டும். முழு ஆட்டத்தையும் எடுத்து மேஜையில் வைக்க யாருக்கும் சந்தர்ப்பம் கிடைத்ததில்லை. ரங்கசாமி அன்று அதை எடுத்து வைத்தார். நடுப் பாக்கெட்டில் இன்-ஆஃப் மேல் இன்-ஆஃப். ஒவ்வொரு தடவையும் சிவப்புப் பந்து ஜமீலாவின் ரஃபு மேல் ஓடி, சொல்லிவைத்த இடத்தில் வந்து நின்றது. இடையில் ஒரு ஷாட்கூடத் தவறாமல் ஒரே பிரேக்கில் 59. முந்நூறு! தோற்கிறேன் என்பதே மறந்துபோய், முதலில் கைதட்டியது நான்தான்.

கோப்பை வாங்க எங்களிடம் வழியில்லை. காதர் பாய் ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டில் 'சாம்பியன்' என்று எழுத்து வெட்டச் சொல்லி வாங்கி வைத்திருந்தார். ரங்கசாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசமுங்க. ஆனா இத்தாப்பெரிய பூட்டைப் போட எங்க ஊட்ல கதவு இல்லீங்களே!"

வாசலில் நின்றிருந்த ஜமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் மனைவியும் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

இன்று கிளப்பிலோ ஓட்டலிலோ வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். உங்கள் வேலையையே பக்கத்து ஊரில் பார்க்கிறவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் ஒரு கார்டு போடுங்கள். எங்களுக்குச் சங்கம், பந்தயம், மரியாதை எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

அடுத்த வருஷம் பந்தயம் கோயம்புத்தூரில் நடந்தது. ரங்கசாமியை அவர் மேஜையிலேயே தோற்கடித்து, அந்தப் பூட்டை ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். அவர் சாவியைத் தொலைத்திருந்தார்.